மதகு பார்க்கப் போனவர்கள்

என் கல்யாணத்துக்கு முந்தின வாரம் கோயில் ஆர்மோனியத்தைத் திறந்தார்கள். உள்ளே எலி குட்டி போட்டிருந்தது.

துருத்தியைத் தின்று தீர்த்துவிட்டு, மிச்சத்தை மெத்தையாக விரித்து, அதன்மேல் சிவந்த சிவந்த குட்டிகள். உபதேசியார் நம்பிக்கையை விடாமல் ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தார். சத்தம் வந்தது. ஆனால் அது தாய் எலி.

எங்கள் மிஷன் கோயிலில் பாதிரியாரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அப்போது இருந்த ஐயர் திருநெல்வேலிக்காரர். புதுசாக வந்தவர். மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "பக்கத்துல வேற எங்கயும் ஆர்மோனியப் பெட்டி கிடையாதா?"

சுற்றி நின்ற ஆம்பளைகள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கோவில்பதாகையிலிருந்து சேக்காடு வரைக்கும் இன்னும் ஒரே ஒரு ஆர்மோனியம் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று அத்தனை பேருக்கும் தெரியும். சொன்னால், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று வீட்டில் கேட்பார்களே.

கடைசியில் என் அம்மாதான் சொன்னாள்.

"எங்க ஊட்டுப் பின்னாடி கீது ஐயரே. கள்ளுக்கடையில."

வேலிக்கு அந்தப் பக்கம்

கள்ளுக்கடையைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் என் பெரிய மகனுக்கு முகம் சுண்டிவிட்டது. "கோயிலப் பத்தி எழுதேம்மா" என்றான். நான் படித்தது அஞ்சாவது. எனக்கு ஒன்றை விட்டு ஒன்றை எழுதத் தெரியாது. அந்தக் கடையும் அந்தக் கோயிலும் என் தாலியும் ஒரே முடிச்சில்தான் கிடக்கின்றன.

கோவில்பதாகை ஏரிக்கரையில், பனந்தோப்பை ஒட்டி முனுசாமியின் கடை. தோப்புக்கும் எங்கள் கொல்லைக்கும் நடுவே ஓலை வேலி ஒன்றுதான் மறைப்பு. எங்கள் அடுப்பும் கொல்லையில்தான். அதனால் அந்தக் கடையை நான் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை, காதால் பார்க்காத நாளும் இல்லை.

கடை என்றால் ஒரு கூரை, கொஞ்சம் பெஞ்சுகள், அடுக்கிய மொந்தைகள், புளித்த வாசனை, கருவாடு சுடும் புகை. இதற்காகப் பூந்தமல்லியிலிருந்து ஆள் வருமா? அங்கே இல்லாத கள்ளா? வந்தது தணிகாசலத்தின் பாட்டுக்காக.

தணிகாசலம் நாடகக் கம்பெனியில் பெட்டி வாசித்தவர். கம்பெனி ஆவடிக்கு வந்த இடத்தில் முதலாளி ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போனாராம். அவரவர் கைக்குக் கிடைத்ததைச் சம்பளமாக எடுத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு ராஜா கிரீடம், ஒருவருக்குத் திரைச்சீலை. தணிகாசலத்துக்கு ஆர்மோனியம்.

முதலில் ராஜா, ரிஷி பாட்டெல்லாம்தான் பாடினாராம். கடையில் இருந்தவர்கள் விடவில்லை. "அரமனைக் கதையெல்லாம் நமக்கெதுக்கு நைனா? நம்ம கதையப் பாடு" என்றார்களாம். அன்றிலிருந்து எங்கள் ஊர்க் கதைதான். பூந்தமல்லி ரோட்டில் பாதி வழியில் படுத்துக்கொண்ட மாடு. கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போன பெண்டாட்டி. மழைக்கு ஒழுகும் கூரைக்குக் கீழே பாயை இழுத்து இழுத்துப் போட்டவன். எல்லாவற்றிலும் உருக்கமானது ரயில் பாட்டு:

*ஆவடி டேசன்லே அழுதுகினு நின்னேனே,*
*அவ ஏறிப்போன வண்டிப் புகைய மட்டும் கண்டேனே.*

இதைப் பாடும்போது தணிகாசலத்துக்கே அழுகை வந்துவிடும். வேலிக்கு இந்தப் பக்கம் நானும் அழுவேன். அம்மா கேட்டால் புகை என்பேன். பிற்பாடுதான் தெரிந்தது, அவர் பெண்டாட்டி சேக்காட்டில் நல்லபடியாக இருந்தாள். எந்த ரயிலிலும் ஏறினவள் இல்லை. அவர் வீட்டுக்கு வர நேரமானால் அவளே வந்து காதைப் பிடித்து இழுத்துப் போவாள். அப்போதும் கடை வாசலைத் தாண்டும்வரை அவர் "அவ ஏறிப்போன வண்டி" என்று பாடிக்கொண்டே போவாராம்.

ரெண்டு தட்டு

தணிகாசலத்துக்கு மூச்சிரைப்பு உண்டு. ஒரு அடி பாடி முடித்ததும் பெட்டியில் மட்டும் ஒரு சுற்று வாசிப்பார். அது கட்டை கட்டையாக மேலே ஏறி, உச்சியில் போய்ச் சடக்கென்று நிற்கும். அங்கே அவர் மூச்சு வாங்குவார். அந்த இடத்தை டோலக்கு அடிக்கும் கோயிந்தன் ரெண்டு தட்டுத் தட்டி நிரப்புவான். பிறகு அடுத்த அடி.

இரண்டாவது உலகச் சண்டைக்காலம் வந்தது. கோயிந்தன் ஆவடிப் பட்டாளத்துக் கூடாரத்தில் சமையலுக்குச் சேர்ந்துவிட்டான். அன்றைக்குச் சாயங்காலம் பெட்டி மேலே ஏறி நின்றது. ரெண்டு தட்டு இல்லை. மாடிப்படியில் இறங்கும்போது கடைசிப் படி இல்லாவிட்டால் வயிற்றுக்குள் ஒன்று நழுவுமே, அப்படி இருந்தது எனக்கு.

கடையில் இருந்த ஒருவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். மொந்தையால் பெஞ்சில் தட்டினார். டொக், டொக். மறுநாளிலிருந்து கடை மொத்தமும் தட்டியது. அதற்குப் பிறகு டோலக்குக்கு வேறு ஆளே தேடவில்லை.

"ஏண்டி எஸ்தரு, எதுக்கு அந்தச் சட்டியக் கரண்டியால தட்டிக்கினே கீற? ஒடையப்போவுது" என்பாள் அம்மா.

"கூழு ஒட்டிக்கினு கீதும்மா" என்பேன்.

மதகு

எங்கள் ஊர் ஆம்பளைகள் யாரும் கள்ளுக்கடைக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு போனதில்லை. "ஏரி மதகப் பாத்துட்டு வரேன்" என்பார்கள். மதகு கடையைத் தாண்டி இருந்தது. விளக்கு வைக்கிற நேரமானால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊரே மதகு பார்க்கப் புறப்படும். மழை பொய்த்து ஏரி வெடித்துக் கிடந்த வருஷமும் பார்த்தார்கள்.

என் நைனாவும் பார்த்தார். ஒரு வருஷப் பிறப்பு ஆராதனையில் வேதப் புத்தகத்தின்மேல் கைவைத்து, "இனி தொடமாட்டேன்" என்று அம்மா எதிரில் சத்தியம் செய்தார். அந்த வாரமே மதகில் ஏதோ கசிவு என்று போக வேண்டி வந்தது.

அம்மா ஒரு நாள் நிஜமாகவே போய் மதகைப் பார்த்தாள். பலகை உளுத்துப்போய்த் தண்ணீர் தன் இஷ்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் வீட்டுக்கு வந்தாள். நைனாவின் சோற்றுக்கு மேல் தட்டைக் கவிழ்த்து மூடிவிட்டு, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். எனக்கு நினைவு தெரிந்த நாளாக அப்படித்தான் சாப்பிட்டாள்.

எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதும் அவள் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. நிலம் கேட்கவில்லை, உத்தியோகம் கேட்கவில்லை.

"கள்ளுக்கடை வாசல மிதிச்சவனுக்கு என் பொண்ணு இல்ல. தாலி கையில எடுத்தப்பறம் தெரிஞ்சாலும் சரி, எழுப்பி இட்டுகினு வந்துடுவேன்."

அப்படித் தள்ளித் தள்ளிக் கடைசியில் கிடைத்தவர்தான் மண்ணூர்பேட்டைக்காரர். (அவர் பேரை நான் எழுதமாட்டேன். சொல்லியும் பழக்கமில்லை.) சூளையிலிருந்து ஆவடிக்குச் செங்கல் வண்டி ஓட்டிவருவார். பட்டாளத்துக்காரர்கள் கட்டடம் கட்டிக்கொண்டே இருந்த காலம். அம்மா மண்ணூர்பேட்டை முழுக்க ஆள் விட்டு விசாரித்தாள். அந்தப் பிள்ளையைக் கள்ளுக்கடைப் பக்கம் பார்த்தவர் யாருமே இல்லை. அம்மாவுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் மட்டும் அவள் விசாரிக்கவில்லை.

பெண் பார்க்க வந்தபோது நான் அவர் கால் கட்டைவிரலை மட்டும் பார்த்தேன். நகத்தில் செங்கல் தூள் இருந்தது. பிடித்துவிட்டது.

பெட்டி கோயிலுக்குப் போனது

அம்மா வேலி ஓலையை விலக்கி முதல் முதலாக அந்தப் பக்கத்து ஆளோடு பேசினாள். "தணிகாசலம் அண்ணாத்தே, இங்க கொஞ்சம் வாங்க."

தணிகாசலம் பயந்துபோனார். அத்தனை வருஷமாக வேலி வழியாக அவருக்கு வந்ததெல்லாம் சாணித் தண்ணிதான்.

"கோயில்லயா? எனக்கு உங்க பாட்டு தெரியாதேம்மே."

"உபதேசியாரு சொல்லிக் குடுப்பாரு. குடிச்சிட்டு மட்டும் வரக் கூடாது."

"குடிக்காத வாசிச்சா வெரலு என் பேச்சக் கேக்காதும்மே."

"கேக்கலன்னா போவுது. வாயில நாத்தம் வரக் கூடாது."

ரெண்டு நாள் உபதேசியார் பாடிக் காட்ட, தணிகாசலம் கல்யாணக் கீர்த்தனையைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். கல்யாணத்தன்று குளித்து, நாடகக் கம்பெனிக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, பெட்டியோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். அது மந்திரி வேஷத்துக் கோட்டு. கழுத்தில் ஜரிகை மிச்சமிருந்தது. கோயிலுக்குள் லேசாகப் புளித்த வாசனை வந்தது. ஆளிடமிருந்து இல்லை, பெட்டியிலிருந்து.

பெஞ்சு வெடித்தது

வலது பக்கம் ஆம்பளைகள், பெஞ்சில். இடது பக்கம் பொம்பளைகள், பாயில். நடுவில் ரெண்டு நாற்காலியில் அவரும் நானும். என் ரெண்டு கையிலும் பெரிய பூச்செண்டு. அதைப் பிடித்துக்கொள்ளவே கை போதவில்லை.

ஐயர் கேட்டார்: "இவர்கள் இருவரையும் இணைக்கத் தடை உண்டானால் இப்பொழுதே சொல்லுங்கள்." யாரும் பேசவில்லை. தாலி தட்டில் தயாராக இருந்தது. தாலிக்கு முன்னே கீர்த்தனை.

முதல் அடி அழகாகப் போனது. அடி முடிந்ததும் தணிகாசலத்துக்கு மூச்சு வாங்கியது. விரல் அதன் பழக்கத்துக்குப் போயிற்று. கீர்த்தனையின் வாலைப் பிடித்துக்கொண்டு ரயில் பாட்டின் சுற்று கட்டை கட்டையாக மேலே ஏறியது. ஏறி, உச்சியில் போய் நின்றது.

டொக், டொக்.

பத்துப் பெஞ்சும் ஒரே தட்டாகத் தட்டியது. பட்டாளம்கூட அவ்வளவு ஒழுங்காகத் தட்டாது. என் பக்கத்து நாற்காலியின் கைப்பிடியிலும் கேட்டது. டொக், டொக்.

ஐயர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். "என்ன சத்தம் அது?"

"பெஞ்சு ஐயரே" என்றது ஆம்பளைப் பக்கத்திலிருந்து ஒரு குரல். "காஞ்ச மரம். வெய்யிலுக்கு வெடிக்குது."

"ரெண்டு தடவையா?"

"பெரிய பெஞ்சு ஐயரே."

அம்மா பாயிலிருந்து எழுந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தச் சத்தத்தை இத்தனை வருஷம் கேட்டவள்தானே.

"ஐயரே, கொஞ்ச முன்னாடி தடை உண்டான்னு கேட்டீங்க. இப்ப உண்டு."

என் கையிலிருந்த பூச்செண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

அம்மா நேராக மாப்பிள்ளை எதிரில் வந்து நின்றாள். "நீயும் தட்டினியா?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் பொய் சொல்லியாகிவிட்டது. அவரும் ஒன்று சொல்லியிருக்கலாம். "தட்டினேன் அத்தே" என்றார்.

"அப்ப இந்தக் கடைக்கு வந்துகினுதான் கீற."

"வண்டி எறக்கிட்டுத் திரும்பறப்போ மாட்டுக்கு ஏரியில தண்ணி காட்டுவேன். பாட்டு கேக்கும். அப்டியே உள்ள போய்க் குந்திக்குவேன். ஆனா கள்ளு தொட்டது இல்ல."

பொம்பளைப் பாயிலிருந்து பெரிய சிரிப்பு எழுந்தது. அவர்கள் அந்த வார்த்தையைக் கேட்காத நாள் இல்லை.

"சத்தியமா அத்தே. மோருதான் குடிச்சேன். சீசாவில எடுத்துகினு போவேன்."

சிரிப்பு இன்னும் அதிகமாயிற்று. மோராம். கள்ளுக்கடையில். இதைவிடக் கேவலமான பொய் ஒன்று உண்டா? நானே நம்பவில்லை.

சாட்சி

தணிகாசலம் கையைத் தூக்கினார். "அம்மே, அந்தப் புள்ள சொல்றது நெசம். கடையில அவனுக்கு மோருன்னே பேரு. முனுசாமி எத்தினி வாட்டி வெரட்டினான் தெரியுமா? 'என் கடையில குந்திகினு மோர் குடிக்கிறியே, பாக்கறவன் என் கள்ளப் பத்தி இன்னாடா நெனப்பான்'னு."

"நீ அந்தக் கடை ஆளு. உன் சாட்சி செல்லாது" என்றாள் அம்மா. பிறகு வலது பக்கம் திரும்பினாள். "இங்க குந்தியிருக்கற பெரிய மனுஷங்க யாராவது பாத்தீங்களா, இவன் மோர் குடிச்சத?"

பார்த்தேன் என்று சொன்னால், அவர்கள் பார்த்த இடம் எது? ஒவ்வொருவரும் எதிர்ப்பாயில் தன் பெண்டாட்டி இருக்கும் இடத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். வாயைத் திறந்தால் என் கல்யாணம் நடக்கும், அவர்கள் குடும்பத்தில் சண்டை நடக்கும். வாயை மூடினால் அவர்கள் பிழைப்பார்கள், நான் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும்.

அம்மா என் தோளைத் தொட்டாள். "எந்திரிடி."

அப்போது பெஞ்சு நிஜமாகவே கிறீச்சிட்டது. என் நைனா எழுந்து நின்றார்.

"நான் பாத்தேன்."

"எங்க பாத்த?"

நைனா தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார். "மதகுல."

"யோவ்!"

"கடையிலதான்மே. போன வாரங்கூட. அந்தப் புள்ள எனக்கே ஒரு வாய் மோர் குடுத்தான். 'குடிங்க மாமா, வவுத்துக்கு நல்லது'ன்னான்." நைனா ஐயர் கையிலிருந்த புத்தகத்தைக் காட்டினார். "புத்தகத்துமேல கை வெச்சவன் நான். இன்னிக்கிக் கோயிலுக்குள்ள நின்னுகினு எத்தினி பொய்யின்னு சொல்றது? எம் பொண்ணு கண்ணாலத்த நானே கெடுக்க மாட்டேன்."

அவ்வளவுதான். அவருக்குப் பின்னால் ஒருவர் எழுந்தார். "நானும் பாத்தேன். மோருதான்." அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர். "கறிவேப்பல போட்ட மோரு." வரிசை வரிசையாக எழுந்தார்கள். பாயில் இருந்த பொம்பளைகள் ஒருத்தி தலையை ஒருத்தி மறைக்காமல் எட்டி எட்டிப் பார்த்து, அவரவர் ஆள் எழுகிறாரா என்று கணக்கு வைத்துக்கொண்டார்கள்.

ஒருவருமே மிச்சமில்லாதபோது, பலிபீடத்துப் பக்கத்திலிருந்து உபதேசியார் மெள்ளக் கனைத்தார். "அடியேனும் ஒரு நாள்... நஷ்டப்பட்ட ஆத்துமாக்களைத் தேடி அந்தப் பக்கம் போனபோது..."

"எத்தினி ஆத்துமா கெடச்சிது?" என்றாள் அவர் மனைவி பாயிலிருந்து.

ஐயர் வேதப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. ஜெபம் செய்கிறார் என்று நினைத்தோம்.

அம்மா நைனாவைப் பார்த்தாள். "உன்ன ஊட்ல பாத்துக்கறேன்" என்றாள். ஆனால் கண் ஓரத்தில் முன்தானையை ஒற்றிக்கொண்டாள். பிறகு மாப்பிள்ளையிடம் திரும்பி, "அந்தச் சீசா எங்க?" என்றாள்.

"வண்டியில கீது அத்தே."

"நாளைலேர்ந்து நான் ஊத்திக் குடுப்பேன். எங்க ஊட்ல குந்திக் குடி. பாட்டு அங்கயே கேக்கும்."

மறுபடியும்

ஐயர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "கீர்த்தனையை முதலிலிருந்து பாடுவோம். பெட்டிக்காரரே, நீர் வாசிக்கிறபடி வாசியும். மற்றவர்களுக்கு ஒரே ஒரு கட்டளை. கர்த்தருடைய ஆலயத்தில் எவனும் தட்டக் கூடாது."

தணிகாசலம் தொடங்கினார். முதல் அடி முடிந்தது. விரல் மறுபடியும் ரயில் ஏறிவிட்டது. ஆம்பளைகள் கையைக் கட்டிக்கொண்டார்கள். சிலர் கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தே விட்டார்கள். என் நைனா ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்திருந்தார். பெட்டி மேலே, மேலே போய், உச்சியில் நின்றது.

ரெண்டு தட்டு விழ வேண்டிய அந்த இடம் காலியாக, வாயைத் திறந்துகொண்டு நின்றது.

டொக், டொக்.

எல்லாரும் ஆம்பளைப் பக்கம் பார்த்தார்கள். ஆம்பளைகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் கையைப் பார்த்தேன். விரல் முட்டி இன்னும் நாற்காலிக் கைப்பிடியின் மேலேயே இருந்தது.

பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட ஒரு வார்த்தை பேசாதவள் நான். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டில் வாயை மட்டும் அசைக்கிறவள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று தோன்றியது. பக்கத்து நாற்காலியில் அவர் மெல்லக் குனிந்து, அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னிடம் பேசினார்: "வேலிக்கு அந்தாண்ட சட்டியத் தட்டறது நீதானா?"

அம்மாவுக்கும் அப்போதுதான் அந்தக் கூழ்ச்சட்டி புரிந்திருக்க வேண்டும். அவள் பெருமூச்சு விட்டுப் பாயில் உட்கார்ந்தாள்.

"சீக்கிரம் தாலிய எடுங்க ஐயரே" என்றாள். "ரெண்டும் ஒரே தாளத்துலதான் கீதுங்க."

பெட்டி இப்போது

அதன்பிறகு மதுவிலக்கு வந்தது. கடைக்கூரையைப் பிரித்தார்கள். தணிகாசலம் பெட்டியைக் கோயிலுக்கே கொடுத்துவிட்டார். மழைக்காலத்தில் அதைத் திறந்தால் லேசாகப் புளிப்பு வாசனை வரும். வயசான ஆம்பளைகள் அன்றைக்குக் கொஞ்சம் முன்பெஞ்சுக்கு வந்து உட்காருவார்கள்.

மதகுக்கு ஊராரே பணம் போட்டுப் புதுப் பலகை மாட்டினார்கள். அதற்கப்புறம் அதைப் பார்க்க யாரும் போகவில்லை.

எனக்கும் அவருக்கும் சண்டை வராத மாதம் இல்லை. வந்தால் நான் பேசமாட்டேன். கூச்சக்காரிக்குப் பேசாமல் இருப்பது ஒரு கஷ்டமா? ரெண்டு நாள், மூன்று நாள்கூட இருப்பேன். அவர் கெஞ்சமாட்டார். கூடத்தில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே வாயால் பெட்டி வாசிப்பார். கட்டை கட்டையாக மேலே ஏறி, உச்சியில் போய் நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பார்.

நான் அடுப்படியில் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். எவ்வளவு நேரம்தான் பொறுப்பது?